மெஸ்ஸை விட்டு வெளியே போன சப்பாத்தி

கொடுமுடி
ஜனவரி 20

மதிப்புக்குரிய பஷீர் பாய் அவர்களுக்கு,

கொடுமுடியிலிருந்து குமாரசாமி எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லுங்கள்.

என்னை நினைவிருக்கிறதா? கிணத்துக்கடவு காலேஜில் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட அன்றைக்கு ஹாஸ்டல் லிப்ட் ஓடவில்லை. உங்கள் பேத்தி ஹிபாவின் மெத்தையை நான் தூக்கினேன். என் பேத்தி லோகப்பிரியாவின் பக்கெட்டை நீங்கள் தூக்கினீர்கள். மூன்றாம் மாடிக்குப் போவதற்குள் உங்கள் முழங்கால் பிடித்துக்கொண்டது. படியில் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தோம். ஒரே அறை, ஒரே கணக்குப் பாடம், பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டோம். கிளம்பும்போது உங்கள் தார்ப்பாய்க் கடை அட்டையைக் கொடுத்து, "எதுன்னாலும் எழுதிப் போடுங்க" என்றீர்கள். எனக்கு எழுதத் தெரியாது என்று சொல்ல வெட்கம். பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது தெரியும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. பால்வாடியில் டீச்சராக இருந்த பழனியாத்தாள் சொல்லிக்கொடுக்கிறார். வெளியாளுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பொங்கலுக்கு மறுநாள் தொடங்கினேன், இன்றைக்குத்தான் முடிகிறது. போனில் பேசினால் ஒரு நிமிஷம்தான். ஆனால் அதில் என்ன இருக்கிறது பாய்!

விஷயத்துக்கு வருகிறேன். லோகு பொங்கலுக்கு வந்தாள். இளைத்துப் போயிருக்கிறாள். "ஏன் அம்மணி, அங்க சாப்பிடறதில்லையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் நல்லாச் சாப்புடறேன் அப்பாரு" என்றாள். மகன் வயிற்றுப் பேத்தி, என்னை அப்பாரு என்றுதான் கூப்பிடுவாள். அவளைப் பற்றி அவ்வளவுதான் வந்தது. ஆனால் கேட்காமலே உங்கள் பேத்தியைப் பற்றிச் சொன்னாள். "ஹிபாதான் பாவம் அப்பாரு. ஞாயித்துக்கெழமை சிக்கன் போட்டா தொடறதில்லை. யாரு அறுத்த கறியோன்னு விட்டுருவா. சாம்பாரை ஊத்தி ரெண்டு வாய் தின்னுபோட்டு எந்திரிச்சுருவா."

உங்கள் பேத்தி உங்களிடம் என் பேத்தியைப் பற்றி ஏதாவது சொன்னாளா? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தங்கள் அன்புள்ள
குமாரசாமி

*

கோட்டைமேடு, கோவை
ஜனவரி 29

அன்புள்ள குமாரசாமி அண்ணனுக்கு,

பஷீரின் சலாம். அல்லாஹ் புண்ணியத்தில் நலமாக இருக்கிறோம். முழங்கால் மாடி ஏறச் சொல்லாதவரை என்னோடு சண்டை போடுவதில்லை.

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்தேன். என் மகன் சஹீர், "என்ன அத்தா, கோர்ட் நோட்டீஸா?" என்று கேட்டான். "மஞ்சக்காட்டுக்காரர் ஒருத்தர், தார்ப்பாய் விலை கேட்டிருக்கார்" என்று சொல்லிவிட்டேன். பொய்தான். காரணம் இருக்கிறது.

ஹிபா பிளஸ் டூ படிக்கும்போது ரத்தம் குறைந்து, பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தவள். அன்றிலிருந்து சஹீர் அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன். டவுனிலேயே இத்தனை காலேஜ் இருக்க, எல்லோரும் உள்ளேயே தங்க வேண்டிய காலேஜ் எதற்கு என்று ஒற்றைக்காலில் நின்றான். அவளோ அங்கேதான் படிப்பேன் என்று நின்றாள். நான் நடுவில் புகுந்து பேசினேன். கடைசியில் சஹீர் ஒத்துக்கொண்டான். ஒரு நிபந்தனை. "சாப்பாடு சரியில்லைன்னு ஒரு பேச்சு காதுல விழுந்தாலும் அடுத்த நாளே கூட்டிட்டு வந்துருவேன்." சொன்னதைச் செய்கிறவன். அதனால் உங்கள் கடிதம் என் மேசை டிராயரில் பூட்டி இருக்கிறது.

இனி நீங்கள் கேட்டது. ஹிபாவிடம் போனில் கேட்டேன். "நானா? சூப்பரா சாப்பிடறேன் தாத்தா" என்றாள். பிறகு மூச்சு விடாமல் உங்கள் பேத்தி கதை. "லோகு காலையில மெஸ்ஸுக்கே வர்றதில்லை தாத்தா. பெல் அடிக்கிற வரைக்கும் தூக்கம். பல்லை வெளக்கிட்டு நேரா கிளாஸ். அப்புறம் கேன்டீன்ல ஒரு பப்ஸ். கேட்டா பொங்கல்ல எண்ணெய்ங்கிறா. பப்ஸ்ல என்ன தண்ணியா இருக்கு?"

அண்ணா, பார்த்தீர்களா? தன்னைப் பற்றிக் கேட்டால் பொய், மற்றவளைப் பற்றிக் கேட்டால் உண்மை. இது போதும் நமக்கு. நீங்கள் கேட்டதை எனக்கு எழுதுங்கள், நான் கேட்டதை உங்களுக்கு எழுதுகிறேன். மகன்களுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் எழுத்து வரிசையாக, நட்ட நாற்றுப்போல நிற்கிறது. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

என்றும் உங்கள்
பஷீர்

*

கொடுமுடி
பிப்ரவரி 12

அன்புள்ள பஷீர் பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. எனக்கென்று என் பேர் போட்டு ஒரு கடிதம்! தபால்காரர், "படிச்சுக் காட்டட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாம், நானே பார்த்துக்கறேன்" என்றேன். அந்த ஒரு வார்த்தை சொல்லத்தான் இத்தனை நாள் வகுப்புக்குப் போனேன் போலிருக்கிறது. அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

காட்டில் மஞ்சள் வெட்டி வேகவைத்துக் களத்தில் கொட்டியிருக்கிறோம். நாள் முழுக்கக் கிளறிவிடும் வேலை. எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் மஞ்சள் ஞாபகம், மஞ்சளைக் கிளறினால் எழுத்து ஞாபகம்.

லோகுவைப் போனில் பிடித்தேன். "காலைல பப்ஸ் தின்னா வயிறு என்னத்துக்காகும் கண்ணு?" என்றேன். "உங்களுக்கு யாரு சொன்னாங்க?" என்றாள். கனவில் வந்தது என்றேன். "கனவுல பப்ஸா வரும்?" என்று சிரித்தாள். இப்போது காலையில் மெஸ்ஸுக்குப் போகிறாளாம். இது ஹிபா சொன்னதாக நீங்கள் எழுதினால்தான் நம்புவேன்.

உங்கள் பேத்தியைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை சிக்கனை ஹிபா என் பேத்தி தட்டில் போட்டுவிடுகிறாள். புதன்கிழமை பனீரை என் பேத்தி அவள் தட்டில் போட்டுவிடுகிறாள். நல்ல ஏற்பாடுதான்.

ஒன்று கேட்க வேண்டும். உங்களுக்கு நோன்பு மாதம் வருகிறது என்று லோகு சொன்னாள். விடிவதற்கு முன்னால் சாப்பிட்டுவிட்டால் பிறகு பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்கூட இல்லையாமே. அந்த மெஸ் காலை ஏழரைக்குத்தானே திறக்கிறார்கள்? பிள்ளை அந்நேரத்தில் எதைச் சாப்பிடும்? ரத்தம் குறைந்த பிள்ளை என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அதுதான் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பதிலுக்குக் காத்திருக்கும்
குமாரசாமி

*

கோட்டைமேடு
பிப்ரவரி 24

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமே. மஞ்சளும் நீங்களும் நன்றாகக் காய்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தலையில் துண்டு இல்லாமல் களத்தில் நிற்க வேண்டாம்.

நீங்கள் கேட்டதை நானும் ஹிபாவிடம் கேட்டேன். "மெஸ்ல சொல்லிட்டேன் தாத்தா, ஏற்பாடு பண்ணித் தர்றாங்க. நீங்க அத்தாகிட்ட ஒன்னும் கேக்காதீங்க, அவர் கிளம்பி வந்துருவார்" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. சஹீர் கேட்டபோதும் இதையே சொல்லியிருக்கிறாள்.

ஆனால் நம் கணக்குப்படி இது அவள் தன்னைப் பற்றிச் சொன்னது. அதனால் லோகுவிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். ஏற்பாடு என்றால் என்ன ஏற்பாடு? சூடாகவா, ஆறியதா? அது தெரிந்தால் எனக்கு நிம்மதி.

லோகு காலையில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். இதை ஹிபாவே சொன்னாள். நம்பலாம்.

உங்கள்
பஷீர்

*

கொடுமுடி
மார்ச் 13

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

சௌக்கியம். பதில் எழுதத் தாமதம் ஆகிவிட்டது. மஞ்சள் வேலை. நடுவில் ஒரு நாள் மேகம் கட்டிவிட்டது. எல்லாவற்றையும் அள்ளி மூடி, மறுபடி விரித்து, ஆளும் கிடைக்கவில்லை. இந்த வருஷம் கிழங்கு நல்ல நிறம். ஈரோட்டு மண்டியில் விலை ஏறும் என்கிறார்கள். இறங்கும் என்றும் சொல்கிறார்கள்.

பழனியாத்தாள் வகுப்பில் மனு எழுதும் பாடம் நடக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று போட்டு எழுத வேண்டும். நன்றாக இருக்கிறது.

மெஸ் விஷயம் ஒன்றும் இல்லை. நீங்கள் கவலைப்பட வேண்டாம். லோகு நன்றாகச் சாப்பிடுகிறாள், என் கண்ணாலேயே பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

குமாரசாமி

*

கோட்டைமேடு
மார்ச் 17

அண்ணா,

நோன்பு வைத்துக்கொண்டு எழுதுகிறேன், அதனால் நேராகவே கேட்கிறேன்.

உங்கள் கடிதம் முழுக்க மஞ்சள்தான். பிள்ளைகளுக்கு மூன்று வரி. நான் கேட்டதற்கு ஒரு வரியும் இல்லை. ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளை சாப்பிட்டதைக் கொடுமுடியில் இருந்துகொண்டு எப்படி உங்கள் கண்ணால் பார்த்தீர்கள்?

லோகு வீட்டில் இருக்கிறாளா? பாடம் நடக்கிற காலத்தில் ஏன் வந்தாள்? ஹிபா என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. ஏதேனும் கேட்டால், "நெட்வொர்க் இல்லை தாத்தா" என்று வைத்துவிடுகிறாள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஒருத்தியைப் பற்றி ஒருத்தி பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கடையில் எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. காலேஜுக்கே போன் போடலாம் என்றால் சஹீர் பக்கத்திலேயே இருக்கிறான்.

நடந்ததை எழுதுங்கள். கெட்டதாக இருந்தாலும் எழுதுங்கள்.

பஷீர்

*

கொடுமுடி
மார்ச் 20

அன்புள்ள பஷீர் பாய் அவர்களுக்கு,

நீங்கள் கெட்டிக்காரர். என் கடிதமே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எழுத்தில் மறைக்க இன்னும் பழகவில்லை. இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

ஹிபாவுக்கு எந்த ஏற்பாடும் நடக்கவில்லை. அவள் கேட்டது நிஜம். மெஸ்ஸில், "ஒருத்திக்காக அந்நேரத்துக்கு அடுப்புப் பத்த வைக்க முடியாது" என்று சொல்லியிருக்கிறார்கள். வார்டன் பிரத்யுஷா மேடத்திடம் போனாள். அந்தம்மா, "அப்பாகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாம்மா, முந்தின நாளே பார்சல் கட்டித் தரச் சொல்றேன்" என்றார்களாம். அப்பாவிடம் லெட்டர் கேட்டால் உங்கள் மகனுக்குத் தெரிந்துவிடும். அதனால் பிள்ளை கேட்கவே இல்லை. விடிவதற்கு முன்னால் தண்ணீர் மட்டும் குடித்து நோன்பு பிடிக்க ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மெஸ்ஸில் ஒரு சட்டம் இருக்கிறது. உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், வெளியே ஒரு பருக்கை எடுத்துப் போகக் கூடாது. என் பேத்தி சாயங்காலம் சாப்பிடும்போது சப்பாத்தியைச் சுருட்டி, துப்பட்டாவுக்குள் வைத்த டப்பாவில் போட்டு அறைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். தினமும், ஹிபா விடிகாலையில் சாப்பிட. ஒருநாள் வாசலிலேயே பிடித்துவிட்டார்கள். "எதுக்கு எடுத்தே?" என்றார்களாம். "பசிச்சுது, எடுத்தேன்" என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. ஹிபா முன்னால் வந்து பேசப் போனதற்கு, "நீ வாயைத் தொறந்தா உங்க அத்தா வந்துருவாரு" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாளாம்.

ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிட்டார்கள். பெற்றோர் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் திரும்ப எடுப்பார்களாம். என் மகன் கிருபாசங்கர் போய்க் கூட்டி வந்தான். வந்ததும் வாசலில் நின்றே சத்தம். "தோட்டம் தொரவு வெச்சிருக்கறவன் ஊட்டுப் புள்ளை சோறு திருடுச்சுன்னு சொல்றாங்க. இதுக்கு நான் மன்னிப்புக் கடுதாசி எழுதோணுமா? டி.சி.யை வாங்கிப் போட்டு வாரேன், படிச்சது போதும்." லோகு அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் களத்தில் என்னோடு மஞ்சள் கிளறும்போதுதான் சொன்னாள். "அப்பாரு, உங்களுக்கு மட்டும் சொல்றேன், யாருக்கும் சொல்லாதீங்க" என்றாள்.

இதனால்தான் உங்களுக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதி அது சஹீர் தம்பிக்கு எட்டினால் ஹிபா படிப்புப் போய்விடும். எழுதாவிட்டால் என் பேத்தி படிப்புப் போய்விடும். கிருபாசங்கர் கடிதம் கொடுக்க மாட்டான். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை.

அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. இப்போது எனக்குத்தான் எழுதத் தெரியுமே! வகுப்பில் தெருவிளக்கு கேட்டு மனு எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் தெருவிளக்கு இருந்த இடத்தில் என் பேத்தியை வைத்தேன். பெறுநர், கல்லூரி முதல்வர் அவர்கள். பொருள், என் பேத்தி திருடவில்லை என்பது தொடர்பாக. உள்ளதை உள்ளபடி எழுதினேன். ஹிபா பெயரையும் எழுதினேன். ஆள் பெயர் இல்லாத மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று பழனியாத்தாள் சொல்லியிருக்கிறார். நகல் வார்டனுக்கு ஒன்று, தாளாளருக்கு ஒன்று. முந்தாநாள் ரிஜிஸ்தர் தபாலில் போட்டுவிட்டேன். மனு காலேஜுக்குத்தான் போகிறது, சஹீர் தம்பிக்கு இல்லை. அதனால் நீங்கள் பயப்பட வேண்டாம்.

பாய், நான் ஒரு மனு எழுதியிருக்கிறேன். என் வயதில்!

உங்கள்
குமாரசாமி

*

கொடுமுடி
மார்ச் 28

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

நீங்களும் வீட்டில் எல்லோரும் சுகமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன கடிதத்துக்கு உங்கள் பதில் வரவில்லை.

மனு வேலை செய்தது. முதல்வர் அலுவலகத்திலிருந்து கிருபாசங்கருக்குப் போன் வந்தது. மன்னிப்புக் கடிதம் வேண்டாம், பிள்ளையை அனுப்புங்கள் என்றார்கள். கிருபாசங்கர் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்களா எழுதுனீங்க?" என்றான். செவ்வாய்க்கிழமை அவனே கொண்டுபோய் விட்டான். நான் வாசலில் நின்று கையாட்டினேன். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

மறுநாள் லோகு போன் பண்ணினாள். "ஹிபா கட்டில் காலியாக் கெடக்குது அப்பாரு" என்றாள். காலேஜில் நல்லது செய்வதாக நினைத்து உங்கள் மகனுக்கும் போன் பண்ணியிருக்கிறார்கள். "உங்க மகள் நோன்பு இருக்காங்க, விடிகாலைச் சாப்பாட்டுக்கு ஒரு அனுமதிக் கடிதம் கொடுங்க" என்று. சஹீர் தம்பி அன்றைக்கே காரில் வந்து மெத்தையோடு கூட்டிப் போய்விட்டாராம்.

"யாருக்கும் சொல்லாதீங்கன்னுதானே உங்ககிட்டச் சொன்னேன்" என்று மட்டும் சொன்னாள் லோகு. போனை வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

என்னவோ செய்துவிட்டேன் என்று தெரிகிறது. திட்டியாவது ஒரு வரி எழுதுங்கள்.

குமாரசாமி

*

கொடுமுடி
ஏப்ரல் 5

அன்புள்ள பாய் அவர்களுக்கு,

பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும். உங்கள் பதில் இன்னும் இல்லை. தபால்காரர் சைக்கிள் திரும்பும் முனைக்கே போய் நிற்கிறேன். "ஒன்னுமில்லீங்க" என்று தூரத்திலேயே தலையை ஆட்டுகிறார்.

நேற்று எங்கே போனேன் தெரியுமா? உங்கள் கடைக்கு வந்தேன். பஸ் ஏறி, உக்கடத்தில் இறங்கி, அட்டையைப் பார்த்துப் பார்த்து வந்தேன். போர்டை நானே படித்தேன். நீங்கள் இல்லை. சஹீர் தம்பி இருந்தார். உங்கள் மூக்கு அவருக்கு.

"வாங்க பெரியவரே, உக்காருங்க" என்று ஸ்டூலைத் தள்ளிப்போட்டார். தண்ணீர் கொடுத்தார். "என்ன வேணும்?" என்றார். நான் யார் என்று சொல்லத்தான் வந்தேன். வாயைத் திறந்தேன்.

"ஏனுங்க, தார்ப்பாய் ஒன்னு வேணுங்க" என்றேன்.

"எதுக்கு, வண்டிக்கா?"

"மஞ்சள் காயப் போடறதுக்குங்க."

"எந்த ஊரு?"

"கொடுமுடிங்க."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு நீலத்தில் ஒன்றை எடுத்து விரித்துக் காட்டினார். "இது தாங்கும். ஓரத்துல ரெட்டைத் தையல்" என்றார். நான் தையலைத் தடவிப் பார்த்தேன். "வேற ஏதாவது இருக்குங்களா?" என்று அவர் கேட்டார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மஞ்சள் எல்லாம் எப்போதோ காய்ந்து மூட்டை கட்டியாகிவிட்டது. இந்தத் தார்ப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

எழுதும்போது எவ்வளவு பேசுகிறேன்! நேரில் நின்றபோது ஒரு வார்த்தை வரவில்லை.

குமாரசாமி

*

உக்கடம்
ஏப்ரல் 9

பெரியவர் குமாரசாமி அவர்களுக்கு,

ஹிபாவின் தகப்பன் சஹீர் எழுதுவது. நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

நோன்பின் கடைசிப் பத்து நாளும் அத்தா பள்ளிவாசலிலேயே தங்கிவிடுவார். வருஷா வருஷம் உள்ளதுதான். வீடு, கடை, தபால் எதுவும் அவரிடம் போகாது. அந்தப் பத்து நாளும் கடைக்கு வரும் தபாலை நான்தான் பிரிப்பேன். உங்கள் மார்ச் இருபதாம் தேதிக் கடிதத்தையும் அப்படித்தான் பிரித்தேன். ஹிபாவை நான் கூட்டி வந்த மறுநாள் அது வந்தது. அத்தா பூட்டி வைத்திருந்த டிராயரைத் திறந்து பழைய கடிதங்களையும் எடுத்துப் படித்தேன். தப்புதான்.

நீங்கள் கொடுமுடி என்றதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். சொல்லாததும் நல்லதுக்குத்தான். அன்றைக்கு நீங்கள் பேசியிருந்தால் நான் மரியாதையாகப் பேசியிருக்க மாட்டேன். என் மகள் பசியோடு கிடந்ததை ஊர்பேர் தெரியாத ஒருத்தர் கடிதத்தில் நான் படிக்க வேண்டியிருந்தது.

ஹிபாவிடம் கேட்டேன். "ஏம்மா எங்கிட்டச் சொல்லலை?" என்றேன். "சொன்னா கூட்டிட்டு வந்திருப்பீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்பவும் கூட்டிட்டுத்தானே வந்தீங்க" என்றாள்.

சாப்பாட்டுக்காகக் கூட்டி வந்தேன். இங்கே அவள் அம்மா செய்து வைத்ததெல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பெருநாள் பிரியாணியைக்கூடக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். நான் அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருந்திருந்தால் சாப்பிட்டிருப்பாளோ என்னவோ.

திங்கட்கிழமை கொண்டுபோய் விடுகிறேன். நிபந்தனை எதுவும் போடவில்லை. வார்டன் கேட்ட கடிதத்தையும் எழுதிவிட்டேன். நோன்பு முடிந்த பிறகு கொடுக்கிற கடிதம், அடுத்த வருஷத்துக்கு ஆகட்டும்.

உங்கள் பேத்திக்கு நான் ஒன்றும் சொல்லத் தெரியாமல் இருக்கிறேன். ஹிபா அவள் மேல் கோபமாக இருக்கிறாள், சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு உங்களிடம் சொல்லிவிட்டாளாம். அது அவர்கள் பாடு. என் மகளைப் பற்றி இனி எழுதுவதாக இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.

சஹீர்

அண்ணா, கீழே இடம் விட்டிருக்கிறான், அதனால் நான். பள்ளிவாசலிலிருந்து வந்த பிறகு உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். கோபம் வந்தது, கிழித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி கிழித்தேன். வார்டன் கேட்ட கடிதத்தை அப்பாதான் கொடுக்க வேண்டுமா? தாத்தா கையெழுத்து ஆகாதா? அந்தம்மாவிடம் நான் கேட்டிருப்பேனே. நடந்த அன்றே நீங்கள் எனக்கு எழுதியிருந்தால் இவ்வளவும் இல்லை. பேத்தி பெயரை மனுவில் போடும் முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சொல்லிவிட்டேன், தீர்ந்தது. அடுத்த தடவை கடைக்கு வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதீர்கள். பஷீர்.

*

கொடுமுடி
ஏப்ரல் 26

அன்புள்ள சஹீர் தம்பிக்கும், பஷீர் பாய்க்கும்,

இங்கே வெயில் கடுமை. மற்றபடி எல்லோரும் சுகம். அங்கே எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். பாய் எழுதியது சரி. கேட்டிருக்க வேண்டும். எழுத வருகிறது என்ற சந்தோஷத்தில் எதை எழுதுவது என்று பார்க்கவில்லை.

தம்பி எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். லோகு என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் சொன்னது இது.

திங்கட்கிழமை ஹிபா வந்து, கட்டிலில் விரிப்பை விரித்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பேச்சில்லை. மெஸ்ஸில் தனி மேசையில் போய் உட்கார்ந்தாள். மறுநாளும் அப்படியே. என் பேத்தி, "அவகிட்டப் போய்ப் பேசட்டுமா அப்பாரு?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்தது அவளுக்கே ஆச்சரியம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சப்பாத்தி. ஹிபா தட்டை எடுத்துக்கொண்டு வந்து லோகுவுக்கு எதிரில் உட்கார்ந்தாளாம். ஒரு வாய் வைத்துவிட்டு, "குருமால உப்பே இல்லை" என்றாளாம். "நேத்தும் இல்லை" என்றாளாம் என் பேத்தி. "நேத்து நீ எதுக்கு அதைத் தின்னே?" என்றாளாம் ஹிபா. "நீ அந்த மேசையில தின்னியே, அதைப் பார்த்துட்டுத்தான்" என்றாளாம் இவள். இரண்டு பேரும் மறுபடி போய்ச் சப்பாத்தி வாங்கி வந்து சாப்பிட்டார்கள்.

பிறகு ஹிபா ஒரு விஷயம் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் உங்களைப் பற்றியதுதான் தம்பி. லோகு அதை எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "அப்பாரு, இது எழுதறதுக்கில்லை" என்றாள். சரி அம்மணி என்றேன்.

கெட்ட சேதி இல்லை. உடம்புக்கும் ஒன்றுமில்லை. அதுவரை எழுதலாம் என்று நினைக்கிறேன். மிச்சத்தை எழுதக் கை பரபரக்கிறது. ஒரு தாளில் எழுதியும்விட்டேன். படித்துப் பார்த்தேன், அழகாக வந்திருந்தது. கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, வேறு தாள் எடுத்து இதை எழுதுகிறேன்.

பரீட்சை லீவுக்கு ஹிபா வருவாள். கேட்டுப் பாருங்கள். சொன்னால் அவள் சொல்லட்டும்.

உங்கள் இருவருக்கும் அன்புள்ள
குமாரசாமி